இரும்புக்காரர் பதில்கள்: கைப்பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

(அரிவாள்மனை முதல் அச்சாணி வரை இரும்பு சம்பந்தப்பட்ட எதையும் கேட்கலாம். இந்த இதழில் வாள் பற்றிய கேள்விகள் மட்டும்.)

கே: ஐயா, புதுச்சேரியில் ஜப்பானிய வாள்பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். இதுவரை மரவாள்தான். சொந்தமாக ஒரு கட்டானா வாங்க ஆசை. 30,000 ரூபாய் வரை சேர்த்து வைத்திருக்கிறேன். ஆன்லைனில் 4,000 ரூபாய் வாளுக்கும் ‘கையால் அடித்தது’ என்கிறார்கள், 40,000 ரூபாய் வாளுக்கும் ‘கையால் அடித்தது’ என்கிறார்கள். எதை நம்புவது? – கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை

ப: தம்பி, இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பவர் ஹாமரில் நீட்டிய பட்டையைக் கடைசியில் கைச்சுத்தியலால் நாலு தட்டு தட்டினாலும் அது ‘கையால் அடித்தது’தான். அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

அடித்தது யார் என்பதை விட்டுவிட்டு, தோய்ச்சல் (காய்ச்சிய எஃகை முக்கிக் கடினமாக்கும் வேலை) போட்டது யார், எப்படி என்று கேளுங்கள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஹீட் ட்ரீட்மெண்ட் உலை முன்னால் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரே எஃகு, ஒரே வடிவம், தோய்ச்சல் மட்டும் மாறினால் போதும். ஒரு துண்டு முறியும், இன்னொன்று வளைந்தபடியே கிடக்கும், மூன்றாவது வளைந்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பும். உங்களுக்கு வேண்டியது மூன்றாவது.

முதலில் சந்தையைப் பார்ப்போம். ஜப்பானில் உரிமம் பெற்ற கொல்லர் ஒருவர் மாதத்துக்கு இரண்டு நீள வாள்தான் செய்யலாம் என்று கட்டுப்பாடு உண்டு. அதனால் புது வாள் ஒன்றே பல லட்சம். அது நமக்கு எட்டாது. உலகம் முழுக்கப் பயிற்சிக்காரர்கள் வாங்கும் கட்டுப்படியான வாள்களில் பெரும்பகுதி சீனாவின் செஜியாங் மாகாணத்தில் லோங்சுவான் என்ற ஊரிலிருந்து வருகிறது. வாளுக்கென்றே பழங்காலத்திலிருந்து பேர்போன ஊர் அது. அங்கிருந்து வரும் வேலைக்கு ஆகும் வாள் வெளிநாட்டுக் கடைகளில் 200 முதல் 400 டாலர், அதாவது ஏறத்தாழ 17,000 முதல் 35,000 ரூபாய். அதற்கு மிகவும் கீழே போனால் சுவரில் மாட்டும் சாமான்தான். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம். சமையலறைக் கத்தி நீளத்துக்கு அது நல்ல எஃகு. வாள் நீளத்துக்கு வைத்து ஓங்கினால் முறியும்.

எஃகின் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். 1045, 1060, 1095 என்று வந்தால் கடைசி இரண்டு எண் கார்பனின் அளவு. 1060 என்றால் 0.60 சதவீதம். கார்பன் ஏற ஏறக் கூர் நன்றாக நிற்கும், தவறாக வெட்டினால் பல் விழுவதும், அதாவது ஓரம் சில்லாகப் பெயர்வதும், கூடும். டி10 என்பது ஒரு சதவீதம் கார்பனுள்ள டூல் ஸ்டீல். 9260 என்பது சிலிக்கான் சேர்ந்த ஸ்பிரிங் எஃகு, புதிதாக வெட்டிப் பழகுகிறவனின் கோணல் கையைப் பொறுத்துக்கொள்ளும். முதல் வாள் என்றால் 1060 அல்லது 9260 எடுங்கள் என்பேன். 1095, டி10 எல்லாம் கை பழகிய பிறகு.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். விற்பவரிடம் அலகின் பளபளப்புப் படம் வேண்டாம், கைப்பிடியைக் கழற்றிய படம் அனுப்பச் சொல்லுங்கள். லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் வாளொன்றைக் கூர் பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டு வந்தார். உறையில் டிராகன், கைப்பிடியில் சிவப்புக் கயிறு, பார்க்க ராஜா வாள்தான். கையில் வாங்கி லேசாக உதறினேன். டொக்கென்று ஒரு சத்தம். கைப்பிடியின் அடியில் இருந்த பித்தளைக் குமிழைத் திருகினால் மறை கழன்று வருகிறது. உள்ளே பார்த்தால் அலகு காவல்தட்டோடு (பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் தகடு) நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் சுண்டுவிரலைவிட ஒல்லியான போல்ட் ஒன்று வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறது. வெல்டிங் ஓரத்தில் மயிரிழையாக ஒரு கறுப்புக் கோடு. விரிசல்! இன்னும் கொஞ்ச நாள் வீசியிருந்தால் அலகு தனியாகப் பறந்திருக்கும், கையில் பிடி மட்டும் மிஞ்சியிருக்கும். எதிரில் நிற்பவர் கதி என்ன?

ஒழுங்கான கட்டானாவில் அலகும் பிடிக்குள் போகும் வாலும் ஒரே இரும்பு. வால் கைப்பிடியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் ஓட வேண்டும். அதைப் பிடித்து வைத்திருப்பது திருகாணி இல்லை, மூங்கில் முளை. சின்ன விரல் நீளத்துக்கு ஒரு ஆப்பு, அவ்வளவுதான். அதன் பெயர் மெகுகி. ஒரு பக்கம் ஒல்லி, ஒரு பக்கம் தடிமன். ஒல்லிப் பக்கத்திலிருந்து சிறு சுத்தியலால் தட்டினால் வெளியே வரும். வந்ததும் பிடி, காவல்தட்டு, வளையங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வர வேண்டும். முளையை எடுத்த பிறகும் பிடி அசையவில்லை என்றால் பசை ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த வாளில் முளையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். முற்றிய மூங்கிலின் வெளித்தோல் பக்கத்திலிருந்து சீவி, துளைக்கு இறுக்கமாக வரும்வரை உரசிப் போடுங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

கைப்பிடிக் கயிற்றையும் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் வேலை மோசம். அடியில் திருக்கை மீன் தோல் சுற்றியிருக்க வேண்டும். மலிவு சாமானில் பிளாஸ்டிக் வைத்திருப்பார்கள்.

நீளம் உங்கள் உயரத்தைப் பொறுத்தது. 170 செ.மீ. உயரம் என்றால் அலகு 71 முதல் 74 செ.மீ. இருக்கலாம். எடை உறை இல்லாமல் ஒரு கிலோவிலிருந்து ஒன்றேகால் கிலோ. அலகின் முதுகோரம் ஓடும் பள்ளம் வேண்டுமா என்று கேட்பார்கள். பள்ளம் இருந்தால் எடை குறையும், வீசும்போது விஸ்ஸென்று சத்தம் வரும், ஆசிரியருக்கு உங்கள் வீச்சு நேரா கோணலா என்று காதாலேயே தெரியும். ஆனால் வெட்டும்போது தப்பினால் பள்ளம் உள்ள அலகு சீக்கிரம் வளையும். வெட்டிப் பழகப் போகிறீர்கள் என்றால் பள்ளம் இல்லாததே மேல்.

எல்லாம் சொன்னேன். ஆனாலும் ஆர்டர் போடுவதற்கு முன் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கே: என் பையன் சம்பாதிக்க ஆரம்பித்ததிலிருந்து வாள் வாங்கப் போகிறேன் என்று நிற்கிறான். வெளிநாட்டிலிருந்து பார்சலில் வருமாம். போலீஸ் பிரச்சினை வருமா? பெயர் போட வேண்டாம். – ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

ப: வரலாம் அம்மா. நீங்கள் பயப்படுவது சரிதான்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. துப்பாக்கிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் ஐந்தாம் வகையில் வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் வருகின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு என்பது கணக்கு. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவைக்கு விலக்கு உண்டு. உங்கள் தேங்காய் வெட்டும் அரிவாள் தப்பிப்பது அதனால்தான். மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இப்படிப்பட்ட ஆயுதத்தை வைத்திருக்கவே உரிமம் வேண்டும், அது சட்டத்தின் 4-ஆவது பிரிவு. வெளிநாட்டிலிருந்து ஆயுதம் எதைத் தருவிக்கவும் உரிமம் வேண்டும், அது 10-ஆவது பிரிவு. ‘அலங்காரப் பொருள்’ என்று பார்சலில் எழுதி அனுப்புகிறோம் என்று விற்பவர் சொன்னால், மாட்டிக்கொள்ளப் போவது அவரில்லை, உங்கள் பையன்.

பையனை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமம் பார்க்கும் பிரிவுக்குப் போய் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பயிற்சி ஆசிரியரின் கடிதத்தையும் கொண்டு போகட்டும். இன்னொன்று: கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். இங்கே வாங்கிய பதில் அங்கே செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டுக்கும் எல்லையான முள்ளோடையில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்பவர் தேடுவது மது பாட்டிலைத்தான். பாட்டிலுக்குப் பதில் வாள் கிடைத்தால் அவருக்கு அன்றைக்குப் பண்டிகை.

ரீல்ஸ் எடுக்கும் புத்தி பையனுக்கு இருந்தால் வாளே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டிக் கைதான பிள்ளைகளைப் பற்றிப் பேப்பரில் படிக்காத மாதம் உண்டா?

பயிற்சிதான் அவன் நோக்கம் என்றால் இதெல்லாம் இல்லாமலே பல வருடம் ஓட்டலாம். ஜப்பானிலேயே வாளை உறையிலிருந்து உருவிப் பழகுகிறவர்களில் பலர் வைத்திருப்பது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த வார்ப்பு அலகு. அதற்கு இயாய்தோ என்று பெயர். காந்தம் ஒட்டாது, கூர் போட முடியாது. அதற்கும் முன்னால் மரவாள். ஜப்பானில் சிவப்பு ஓக் மரத்தில் செய்கிறார்கள், நீளம் ஏறத்தாழ 102 செ.மீ. நம் ஊர்த் தச்சரிடம் வைரம் பாய்ந்த கருவேலத்தில் இழைத்துத் தரச் சொன்னால் அதற்கு ஒரு குறையும் வராது. முடிச்சு இல்லாத, நார் நேராக ஓடும் கட்டையாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

கே: நம்ம ஊர் ஆசாரி லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள் தென்னை மட்டையை ஒரே வெட்டில் இறக்குகிறது. அதே பட்டையில் ஜப்பான் வாளும் அடித்துவிடலாமே? எதற்குச் சீனாக்காரனுக்குப் பணம்? – மெக்கானிக், கடலூர் ஓ.டி.

ப: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும்.

எஃகில் குறையே இல்லை. லாரிப் பட்டையில் பெரும்பாலும் இருப்பது சிலிக்கான்–மாங்கனீஸ் அல்லது குரோமியம் கலந்த ஸ்பிரிங் எஃகுதான். மேலே சொன்ன 9260-க்கு நெருங்கிய சொந்தம். கையும் குறைந்ததில்லை. என் அப்பாவின் பட்டறை அதே ஓ.டி.யில்தான் (கடலூர் பழைய நகரம்), துறைமுகத்துக்குப் போகும் பாதையில். மீன்கத்தியும் அரிவாளும்தான் பிழைப்பு. தோய்ச்சல் போடும்போது அவர் செய்ததை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சிவந்த அரிவாளை முழுதாகத் தண்ணீரில் இறக்க மாட்டார். வாய்ப்பக்கம் (கூர் இருக்கும் ஓரம்) மட்டும், அரை அங்குலம் ஆழம், முன்னும் பின்னுமாக ஒரு இழுப்பு. எடுத்த உடனே செங்கல் துண்டால் வாயைப் பளிச்சென்று தேய்ப்பார். முதுகில் தங்கிய சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கும். தேய்த்த இடத்தில் நிறம் ஓடும்: வைக்கோல் மஞ்சள், பிறகு தவிட்டு நிறம், பிறகு ஊதா. ஊதா எட்டிப்பார்க்கும் நொடியில் மொத்தத்தையும் தொட்டியில் போடுவார். வாய் கடினம், முதுகு பதம்.

ஜப்பான் கொல்லர் களிமண்ணை வைத்துச் செய்வதும் இதே காரியம்தான். களிமண், கரித்தூள், கல்தூள் கலந்து முதுகில் தடிப்பாகவும் வாயோரம் மெலிதாகவும் பூசி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்குகிறார். மெலிந்த பக்கம் சட்டென்று ஆறிக் கடினமாகிறது, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 60-ஐ ஒட்டி. முதுகு மெதுவாக ஆறி 40 பக்கம் நின்றுவிடுகிறது. கடினமான பக்கம் கொஞ்சம் பருப்பதால் நேராக உள்ளே போன அலகு வளைந்து வெளியே வருகிறது. கட்டானாவின் வளைவில் ஒரு பங்கு தொட்டிக்குள் பிறப்பதுதான். சிவப்பின் சாயலைக் கண்ணால் பிடிக்க வேண்டும் என்பதற்காக அந்த வேலையை இருட்டில் செய்வார்கள். அப்பாவும் உச்சி வெயிலில் தோய்ச்சல் போட மாட்டார், பொழுது சாய்ந்துதான்.

அப்புறம் ஏன் முடியாது? அரிவாள் ஒரு முழம்கூட இல்லை. 71 செ.மீ. அலகை நம் ஊர்க் கரி உலையில் தலை முதல் வால் வரை ஒரே சூட்டில் கொண்டு வருவது பெரிய வித்தை. ஒரு சாண் இடம் கறுத்து நின்றால் அந்த இடம் பச்சை இரும்பு. பட்டையும் பழையது, எத்தனை லட்சம் கிலோமீட்டர் குலுங்கியதோ, கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருக்கும். அரிவாளில் அது வெளியே வந்தால் மூலையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவீர்கள். வாளில் வந்தால் துண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதோடு நீள அலகை நிமிர்த்துவது, தீட்டுவது, பிடி செதுக்குவது எல்லாம் தனித்தனித் தொழில். இதெல்லாம் கைவந்தாலும் வாள் செய்து விற்க உரிமம் வேண்டும். என்னிடம் கிடையாது. ஆகையால் ‘நீங்களே அடித்துத் தாருங்கள்’ என்று எழுதிய மற்ற மூவருக்கும் சேர்த்தே பதில்: மாட்டேன்.

கே: ஆயிரம் முறை மடித்த எஃகு என்று விளம்பரம் செய்கிறார்களே, உண்மையா? நம் நாட்டு உருக்கையும் அப்படித்தான் செய்தார்களா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், அரியாங்குப்பம்

ப: கணக்கு வாத்தியாரா நீங்கள்? ஒரு முறை மடித்தால் இரண்டு அடுக்கு, பத்து முறை மடித்தால் 1,024. ஆயிரம் அடுக்கை ஆயிரம் மடிப்பாக்கி விற்கிறார்கள்.

ஜப்பானில் இரும்பு மணலையும் மரக்கரியையும் ததரா என்ற மண் உலையில் போட்டு எடுக்கும் எஃகுக் கட்டியில் கார்பன் ஒரே சீராக இருக்காது, கசடும் கலந்திருக்கும். மடித்து மடித்து அடித்தது அதைச் சமப்படுத்தவும் கசடைப் பிதுக்கவும்தான். ஷிமானே மாநிலத்தில் இன்றும் குளிர்காலத்தில் அந்த உலையை மூட்டிக் கொல்லர்களுக்குப் பங்கிடுகிறார்கள். இன்றைய ஆலை எஃகு ஏற்கெனவே சீரானது. அதை மடித்தால் கிடைப்பது மரரேகை போன்ற அழகு மட்டும். வலு கூடாது. மடிப்புக்கு நடுவே சரியாக ஒட்டாத இடம் இருந்தால் குறையத்தான் செய்யும். 30,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர் மடித்த எஃகைத் தொட வேண்டாம். அந்தக் காசு தோய்ச்சலுக்கும் கைப்பிடிக்கும் போகட்டும்.

நம் உருக்கின் வழி வேறு. இரும்பை இலை, மரத்துண்டோடு மண் மூசைக்குள் (உலோகம் உருக்கும் மண்கலம்) வைத்து வாய் மூடிக் காய்ச்சினார்கள். உள்ளே உருகியதால் கசடு தானாக மேலே மிதந்துவிடும், மடிக்கிற வேலையே இல்லை. கார்பன் ஒன்றரை சதவீதம் அளவுக்கு இருக்கும். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பு, உருக்கு வேலை நடந்ததற்கான தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. உங்கள் ஊர் அரிக்கமேட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறு சரக்கு: மணியும் மதுச்சாடியும்.

கே: அலகில் அலை அலையாகத் தெரியும் கோடு நிஜமா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், உப்பளம்

ப: ஒற்றை பல்பு ஒன்றின் அடியில் அலகைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தோய்ச்சலில் கடினமான வாய்க்கும் பதமான முதுகுக்கும் நடுவே விழும் நிஜக் கோடு ஒரு கோணத்தில் பளிச்சிடும், இன்னொரு கோணத்தில் மங்கும், எல்லையில் பனி படிந்த மாதிரி ஒரு வெண்மை இருக்கும். கம்பி பிரஷ்ஷாலோ உப்புத்தாளாலோ தேய்த்துப் போட்ட போலி எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி இருக்கும், அலையின் வளைவுகளும் அச்சடித்தது போல ஒன்றுக்கொன்று பிசகாது. ஸ்பிரிங் எஃகு வாளில் கோடே இல்லாவிட்டால் கவலை வேண்டாம், அந்த எஃகில் அது சரியாக விழாது. 9260 என்று சொல்லிக் கோட்டையும் பெரிதாகக் காட்டினால்தான் சந்தேகம் வர வேண்டும்.

கே: உரிமத்தோடு என்னிடம் ஒரு வாள் இருக்கிறது. வாழைத்தண்டை வெட்டிப் பழகலாமா? – வாசகர், பாகூர்

ப: பாகூரில் வாழைக்குப் பஞ்சமா! வெட்டலாம். ஆனால் வாழை மிக மெத்து. கோணலாக வெட்டினாலும் துண்டு விழுந்துவிடும், தப்பு தெரியாது. ஜப்பானியர் பாய் விரிப்பைச் சுருட்டி நீரில் ஊறவைத்து வெட்டுகிறார்கள். நமக்குக் கோரைப்பாய் இருக்கிறது. பழைய பாயை இறுக்கச் சுருட்டி நாலு இடத்தில் கட்டி, ஒரு ராத்திரி தொட்டியில் ஊறப்போட்டு, காலையில் நீர் வடியவிட்டு முளைக்கம்பில் செருகுங்கள். சுருட்டுவதற்கு முன் உதறுங்கள், இரண்டு முறை. கடற்கரைக்குக் கொண்டு போன பாய் என்றால் வேண்டவே வேண்டாம், ஒரு மணல் துகள் போதும் வாயில் பல் விழ. தென்னை மட்டை, சவுக்குக் கட்டை பக்கம் போகாதீர்கள். வாழையை வெட்டினால் அந்த இடத்திலேயே துடையுங்கள். அதன் சாறு உங்கள் வேட்டியில் பிடிக்கும் கறையை அலகிலும் பிடிக்கும்.

வெட்டும் திசையில் ஆள், நாய், கோழி எதுவும் இருக்கக் கூடாது. உறையிலிருந்து உருவும்போது இடக்கை விரல் உறையில் அலகின் கூர் இருக்கும் பக்கம் சுற்றியிருக்கக் கூடாது. மலிவு உறை பிளந்தால் விரல் போய்விடும்.

கே: கடல் பக்கத்தில் வீடு. ஜன்னல் கம்பியே துரு பிடித்து உதிர்கிறது. வாள் தாங்குமா? – வாசகி, தேவனாம்பட்டினம்

ப: தாங்கும், நீங்கள் சோம்பல் படாவிட்டால். தொட்ட ஒவ்வொரு முறையும் பருத்தித் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டை ஈரம் தெரியாத அளவுக்குத் தடவுங்கள். தொடாவிட்டாலும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒரு முறை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்காகி உறைக்குள் ஒட்டும். அலகை விரலால் தொட்டுப் பெருமைப்படும் விருந்தாளிகளை நாசூக்காகத் தடுத்துவிடுங்கள், ரேகை அப்படியே துருவாக எழும். மழை நனைத்த உறைக்குள் வாளை வைக்கவே கூடாது.

கே: கூர் போனால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா? – வாசகர், மஞ்சக்குப்பம்

ப: வேண்டாம். காய்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது வாயோரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போயிற்று. தண்ணீர்க் கல்லில் கையால்தான்.

கே: ஆயுத பூஜைக்கு வாளுக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் குத்தலாமா? – வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

ப: பொட்டை உறைக்கு வையுங்கள், காவல்தட்டுக்கு வையுங்கள். அலகுக்கு வேண்டாம். ஈரச் சந்தனம் காய்வதற்குள் அடியில் புள்ளி விழுந்துவிடும். எலுமிச்சம்பழம் அதைவிட மோசம். அந்த அலைக்கோட்டை எடுப்பாகக் காட்ட வாள் தீட்டுகிறவர்களில் சிலர் நீர்த்த அமிலத்தைத்தான் தடவுகிறார்கள், அவ்வளவு வேகமாக எஃகைத் தின்னும். பூஜை முடிந்து சுண்டல் விநியோகம் ஆகும் நேரத்துக்குள் பழம் குத்திய இடம் கறுத்திருக்கும். பழத்தை வாளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வையுங்கள், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.